நாலாவது வரி

விழாத் தலைவராக வீற்றிருந்து, இவன் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைமைப் பொறியாளர் அவர்களே, வாழ்த்திப் பேசி வழிவிட்டு அமர்ந்த சங்கச் செயலாளர் அவர்களே, ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் எங்களுக்கு யோசனை சொல்லும் மூத்தவர்களே, எங்கள் ஷிப்டுக்கு ஏற்பத் தங்கள் தூக்கத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட தாய்மார்களே, உறங்காத மோட்டார்களுக்குக் காவல் நிற்கும் தோழர்களே, நீரேற்று நிலையத்து ஆபரேட்டர் ஒருவனின் நெஞ்சார்ந்த வணக்கம்.

"அன்றாட வாழ்வில் உறவுகளை வளர்ப்பது" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் எனக்கு? நான் கரை கண்டவனா? கற்றுத் தேர்ந்தவனா? கட்டுரை எழுதியவனா? ஒன்றும் இல்லை. கேட்டால் மறுக்க மாட்டான் என்று கமிட்டிக்குத் தெரியும், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்தாத எங்கள் ரேடியோ அண்ணே, உங்களிடம்தான் முதலில் கேட்டார்களாம். நீங்கள் நழுவியதால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நம் நிலையத்து ஷிப்டு நோட்டைப் பற்றி, வந்திருக்கும் குடும்பத்தாருக்காகச் சொல்கிறேன். ஒருவர் வேலை முடித்துப் போகும்போது வரிவரியாக எழுதிவைப்பார். "இரண்டாவது பம்பு சூடாகிறது. வால்வு கசிகிறது." அடுத்து வருபவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு கைமாறியது என்று பொருள். அருமையான ஏற்பாடு. அந்த அருமையான ஏற்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோன அறிவாளி அடியேன்.

என் மனைவி தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்குக் காலை ஷிப்டு, எனக்கு மதிய ஷிப்டு. நான் எழும்போது அவர் போயிருப்பார், நான் திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். வார விடுமுறையும் வேறு வேறு நாள். போனில் பேசலாமே என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். பேசலாம் தாயே, இரண்டு இடத்திலும் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்களே. ஆகவே பிரிட்ஜ் மேல் ஒரு நோட்டை வைத்தேன். அவர் எழுதுவார், நான் டிக் அடிப்பேன். நான் எழுதுவேன், அவர் டிக் அடிப்பார். மூன்று வருடம் சண்டை இல்லை, சச்சரவு இல்லை, சத்தமே இல்லை. எங்களைப் போல உண்டா என்று மார்தட்டித் திரிந்தேன். சண்டை போட ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அடுத்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. நோட்டைத் திறக்கிறேன். புதிய பக்கத்தில் குறிப்பு ஒன்றும் இல்லை. முந்தைய பக்கத்தில் அவருடைய நான்கு வரி. "கேஸ் புக் பண்ணணும். பாத்ரூம் குழாய் சொட்டுது. பொண்ணோட ஸ்கூல் பாரத்துல கையெழுத்து போடுங்க. கழுத்துல கட்டி மாதிரி இருக்கு, வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க, தனியாப் போகப் பயமா இருக்கு."

நான்கு வரிக்கும் நேர் நேராக என் டிக். கீழே என் கையெழுத்து, தேதியோடு. கேஸ் புக் பண்ணியிருந்தேன். குழாய்க்கு வாஷர் மாற்றியிருந்தேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். நாலாவது வரியைக் கண் பார்த்தது, கை டிக் அடித்தது, மனசு அந்தப் பக்கமே வரவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "சரி. நானே போய்க்கிறேன்."

தோழர்களே, பம்பு அறையில் வெள்ளம் புகுந்த அன்றுகூட நான் அப்படி ஓடியதில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் சட்டைப் பட்டன் போட்டேன். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு என்பதை ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தேன். வராந்தாக் கோடியில் பைலை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"போகல."

"லீவு சொன்னீங்களா?"

"சொல்லல."

கொஞ்ச நேரம் என் செருப்பையே பார்த்தார். "படிச்சீங்களா, இல்ல, இதுவும் டிக்குதானா?"

"இன்னிக்குத்தான் படிச்சேன்மா. மன்னிச்சிரு."

"அந்த ஒரு வரியை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சுங்க," என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

உள்ளே டாக்டர் என்னைக் கேட்கிறார், "இவங்களுக்கு முழுங்கக் கஷ்டம் எப்பலேர்ந்து இருக்கு?" தெரியாது. "தூக்கம் சரியா வருதா?" தெரியாது. "இவங்க அம்மா வழியில யாருக்காவது இப்படி இருந்ததா?" தெரியாது. எதுதான் தெரியும் எனக்கு? மூன்றாவது பம்பின் பேரிங் எப்போது மாற்றினார்கள், தெரியும். எந்த வால்வு மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், தெரியும். பத்தடி தள்ளி நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்வேன். ஒரே கூரையின் கீழ் ஒருவர் ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் திணறியது மட்டும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதறாதீர்கள் தாய்மார்களே. கட்டியை எடுத்தார்கள், சோதித்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இதோ, இந்த மனுஷன் இன்னும் என்னென்ன உளறித் தொலைப்பாரோ என்று தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கைதட்டுவதென்றால் அவருக்குத் தட்டுங்கள்.

உறவை எங்கே வளர்ப்பது? விழாவிலா, விருந்திலா, வருடத்துக்கு ஒரு வாழ்த்திலா? போனிலிருந்து கண்ணை எடுக்காமல் நீங்கள் ஒரு "ம்" போடுகிறீர்களே, அது வாயால் அடிக்கிற டிக் இல்லையா? நான் காலை ஷிப்டுக்கு மாற்றல் கேட்டேன். தலைமைப் பொறியாளர் காரணம் கேட்டார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் வீட்டுக்காரியோட பேசிட்டுப் போகணும் சார்," என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பதினெட்டு நிமிட நடை. காதல் வசனம் ஒன்றும் கிடையாது. மெஷின் மக்கர், மேனேஜர் முறைப்பு, முழங்கால் வலி, மகளின் முணுமுணுப்பு. பாதி எனக்குப் புரியாது. புரியாததைக் கேட்கிறேன். கேட்டால் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல, இத்தனை வருடம் யாரோடு குடித்தனம் நடத்தினேன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இன்று காலையும் நடந்தோம். "மேடையில என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டார். "சாயங்காலம் வந்து கேளேன்," என்றேன். "ஊருக்குச் சொல்றதை எனக்கு முதல்ல சொல்லுங்க," என்றார். சொன்னேன், தலைவர் அவர்களே என்பதில் தொடங்கி ஒன்று விடாமல். அவருடைய பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்தது, அதுவும் போனது. அவர் ஏறவில்லை.

ஆகவே அவையோரே, நீங்கள் கேட்டது இரண்டாம் முறை பேசிய பேச்சு. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டவருக்கு என் வணக்கம்.