அரணைக்கு நின்ற வண்டி

கிளெனிஸ்: ...சத்தமாப் பேசுங்கண்ணே. கை பூரா மாவு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜையில வச்சிருக்கேன்.

தியோ: உப்பு ஏரிக்குப் போற வழியில இருக்கிற ஓட்டல்தானே? நான் காஃபின் பே ஊர்லருந்து பேசறேன். கடல்ல சிப்பி வளர்க்கிறவன். அங்க... ரோடு எப்படி இருக்கு?

கிளெனிஸ்: நேத்து மழை. மண் ரோடு சேறாக் கிடக்கு. ஏன், வரப் போறீங்களா?

தியோ: ஆமா... ஒரு சுற்றுலா.

கிளெனிஸ்: வாசல்ல கடலை வச்சுக்கிட்டுப் புழுதி பாக்க வர்றீங்களா? நல்லாத்தான் இருக்கு! என்னிக்கு?

தியோ: அது முடிவாகல. ரோட்டுல யாரும் மாட்டிக்கிட்டாங்களா? பழைய வெள்ளை வண்டி மாதிரி... சும்மாதான் கேக்கறேன்.

கிளெனிஸ்: சும்மா கேக்கறவருக்கு வண்டியோட நிறம் எதுக்கு? விஷயத்தைச் சொல்லுங்கண்ணே.

தியோ: ஆர்னோ லிண்ட்னர்னு ஒருத்தர். பரோசாவுல திராட்சைத் தோட்டம். நேத்து சாயங்காலம் உங்க ஓட்டல்லருந்து வீட்டுக்குப் பேசறேன்னு சொல்லிட்டுப் போனார். பேசல. இப்ப மணி பன்னெண்டு. அவர் மனைவி ஹில்டா எனக்கு ஃபோன் பண்ணி அழறாங்க.

கிளெனிஸ்: நீங்க அவருக்கு என்ன வேணும்? யார் கேட்டாலும் நான் சொல்லிடறதில்ல.

தியோ: தெரிஞ்சவன்.

கிளெனிஸ்: தெரிஞ்சவருக்கா குரல் இப்படி நடுங்குது?

தியோ: வந்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கம்மா! அறுபத்தெட்டு வயசு. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடறவர். வரலேன்னா நானே தேடக் கிளம்பிடுவேன். டீசல் போட்டு, தண்ணி ஏத்தி வச்சிருக்கேன்.

கிளெனிஸ்: வந்துட்டார். நல்லா இருக்கார்.

தியோ: ஸ்தோத்திரம்... ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

கிளெனிஸ்: ராத்திரி சேத்துல வண்டி நின்னுபோச்சு. உள்ளேயே தூங்கியிருக்கார். காலைல வந்து பாத்தா எங்க ஃபோனும் செத்துக் கிடக்கு. இப்பத்தான் உயிர் வந்துச்சு. முதல் மணியே உங்களோடதுதான்.

தியோ: மழைக்கு முன்னாடியே வந்து சேந்திருக்கலாமே?

கிளெனிஸ்: வந்திருப்பார். ரோடு முழுக்கத் தூங்குமூஞ்சி அரணைங்களாம், வண்டி வந்தாலும் நகராத சோம்பேறிங்க. ஒவ்வொண்ணுக்கும் வண்டியை நிறுத்தி...

தியோ: இறங்கி, தூக்கி, அது எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமே விட்டிருப்பான். அப்புறம், ஜோடியாவே திரியுமே, அதோட ஜோடி பின்னால வருதான்னு நின்னு பாத்திருப்பான். முட்டாள்!

கிளெனிஸ்: பதினேழு அரணையாம். அதுசரி... உங்களுக்கு எப்படித் தெரியும்?

தியோ: பள்ளிக்கூடம் போறப்ப தினம் இதே கூத்துதான். அவன் அரணையைத் தூக்குவான். நேரமாச்சு, அடி விழும்னு நான் பின்னால நின்னு அழுவேன். என் அண்ணன்மா அவன்.

கிளெனிஸ்: அப்படிச் சொல்லுங்க!

தியோ: ஒம்பது வருஷமாப் பேச்சில்ல. அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு நான்தான்... என் வாசல்ல காலை வைக்காதேன்னு சொல்லிட்டேன். நான் பேசினது அவனுக்குத் தெரிய வேணாம்மா.

கிளெனிஸ்: ஏனாம்?

தியோ: சிரிப்பான். சரி, வச்சுடறேன். ஹில்டா காத்துக்கிட்டிருப்பா.

கிளெனிஸ்: இருங்க. இங்க தங்கறவங்க எந்த நாள் எங்க போறாங்கன்னு புஸ்தகத்துல எழுதி வைக்கணும். தொலைஞ்சா தேடணுமில்ல? உங்க அண்ணனும் எழுதியிருக்கார். புதன், உப்பு ஏரி. வியாழன், மலையடிவாரம். வெள்ளி... அது கிடக்கட்டும். அவர் வண்டி முன் சீட்டுல பெல்ட் போட்டு ஒரு ஜாடி உக்காந்திருக்கு. வெள்ளரிக்காய் ஊறுகாய்.

தியோ: எங்க அம்மா பக்குவம் அது... யாருக்குக் கொண்டு போறான்?

கிளெனிஸ்: அதையும் நான்தான் சொல்லணுமா? எனக்குக் கைவேலை இருக்கு. எதிர்ல உக்காந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டிருக்கிறவர் சொல்லட்டுமே.

தியோ: எதிர்லயா?!

ஆர்னோ: தியோ... வெள்ளிக்கிழமை உன்னோட காஃபின் பேன்னு எழுதியிருக்கேன்டா. பக்கத்துலயே 'தம்பி கதவைத் திறந்தா மட்டும்'னும் எழுதி வச்சேன். அதை இப்பக் கோடு போட்டு அடிச்சுடட்டுமா?