சிமானிந்தோவிலிருந்து பாங்குருரான் வரை துண்டைப் பிடித்து நடந்தது குறித்து

பெயர்: ரோத்துவா, சிமார்மாதா குலம். வயது 31. தகப்பனார் பெயர் ஜாபெத். மேடான் நகரில் மருந்துக் கடையில் விற்பனைப் பெண். இருப்பிடம் அதே நகரில் கடைக்குப் பின்புறத் தெரு, வாடகை அறை.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். தோபா ஏரிக்குத் தனியாக ஏன் வந்தாய் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, கல்யாணத்துக்கென்று எடுத்த விடுப்பு, கல்யாணம் நின்றுபோனதால் வீணாக வேண்டாம் என்று முதுகுப் பையுடன் ஏரி நடுவிலுள்ள சமோசிர் தீவைச் சுற்றி நடக்க வந்தேன் என்று கூறிக்கொள்கிறேன். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முற்பகல் திகா ராஸ் துறையில் படகு ஏறினேன். படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுமார் அறுபத்தைந்து வயதுள்ள ஒரு அம்மாள், பெரிய முதுகுப் பையும் ஆண்கள் அணியும் தொப்பியுமாக நின்றார். அவர் பெயர் சவுலினா, சினுராத் குலம், ஊர் சியாந்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் தண்ணீரை எட்டிப் பார்க்கக் குனிந்தபோது மூக்குக் கண்ணாடி நழுவி ஏரியில் விழுந்துவிட்டது. அவர் அலறவில்லை. "போச்சா? சரி, ஏரியாவது நல்லாப் பாக்கட்டும்" என்றார். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் தமக்குப் புகைதான் என்றும் சொன்னார்.

அப்போது படகின் பின்பக்கம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மரோலோப் என்பவர் எழுந்து வந்தார். வயது 67 இருக்கும். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். அவரும் தோளில் பை வைத்திருந்தார். எங்கள் வழக்கப்படி மூவரும் முதலில் குலம் கேட்டு முறை பார்த்துக்கொண்டோம். அவர் எங்கள் குலத்துக்குப் பங்காளியான நாடேயாக் குலம் என்பதால் எனக்குச் சித்தப்பா முறை ஆனார். அவருடைய தாயார் சினுராத் குலத்துப் பெண் என்பதால், மேற்படி சவுலினா அவருக்கு மாமன் மகள் முறை ஆனார். "அப்போ இவங்கள நான் எப்படிக் கூப்பிடணும்?" என்று நான் கேட்டேன். "சித்தின்னு கூப்பிடு. இப்பவே பழகிக்கோ" என்று மேற்படி மரோலோப் சொன்னார். அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றி, குரல் வந்த திசையில் ஓங்கி ஒன்று போட்டார். அடி என் மேல் விழுந்தது.

சிமானிந்தோவில் இறங்கியபின் நான் அந்த அம்மாளைத் திரும்பிப் போய்விடச் சொன்னேன். அவர் மறுத்தார். கணவர் ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்து இறந்தார் என்றும், ஏரியைக் கரையில் நின்று பார்த்திருக்கிறாரே தவிர சுற்றி நடந்ததில்லை என்றும் கூறினார். மகனிடம் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததையும் மறைக்காமல் சொன்னார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உண்மையச் சொன்னா காரை எடுத்துட்டு வந்து ஒரே நாள்ல சுத்திக் காட்டி வீட்ல விட்டுடுவான். நல்ல புள்ள" என்றார். பிறகு கைபேசியைத் தாமே அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதை நான் கண்ணால் பார்த்தேன். பாங்குருரானில் கண்ணாடிக் கடை இருக்கிறது, அதுவரை மூவரும் சேர்ந்து போகலாம் என்று மேற்படி மரோலோப் கூறினார்.

துண்டு விஷயம் பின்வருமாறு. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதற்கு அந்த அம்மாள், "கையெல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டபடியால், மேற்படி மரோலோப் தம் தோள் துண்டின் ஒரு முனையைத் தம் பையில் முடிந்து, மறுமுனையை அவரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். அவரை யாரும் கட்டவில்லை. வேண்டியபோது முனையை விட்டுவிட்டு நின்றார், ஒரு இடத்தில் சண்டை போட்டும் நின்றார்.

மேற்படி மரோலோப் சத்தம் போட்டதாக, வழியில் பர்பாபாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாள் கூறியிருப்பது உண்மைதான். அவர் குரலே அப்படி. பஸ்ஸில் கடைசி இருக்கைக்குக் கேட்க வேண்டிப் பழகிய குரல். "கல்லு! வேர்! எருமைச் சாணி, புதுசு, தள்ளி வா!" என்று வழி முழுக்கக் கத்திக்கொண்டே போனார். அதன் பிறகு அந்த அம்மாள், "கீழே இருக்கிறதையே சொல்லிட்டு வர்றீங்களே, எதிர்க்கரை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "எதிர்க்கரையா? இருக்கு" என்றார் அவர். "இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அது எங்கேயாவது ஓடியா போகும்?" என்று அந்த அம்மாள் துண்டைக் கீழே போட்டதுதான் அந்தச் சண்டை. மேற்படி மரோலோப் வெகுநேரம் நின்று ஏரியையே பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "முப்பது வருஷம் இந்தக் கரையோரம் பஸ் ஓட்டியிருக்கேன்மா. ரோட்டைத் தவிர ஒண்ணையும் பாத்ததில்ல" என்றார்.

அடுத்த நாள் அவர் கல்லையும் வேரையும் சொன்னதோடு, மலை மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்து போவதையும், வலை இழுக்கும் ஓடம் ஒன்றில் நாய் ஒன்று முன்னால் நிற்பதையும், தண்ணீர் ஓரத்தில் பச்சையாகவும் நடுவில் ஈயப் பாத்திரம் போலவும் இருப்பதையும் சொல்லிக்கொண்டு வந்தார். சில சமயம் இல்லாததையும் சொன்னார். கொக்கு இல்லாத இடத்தில் கொக்கு இருப்பதாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. பர்பாபாவில் சாப்பிட உட்கார்ந்தபோது மஞ்சளும் மிளகும் போட்ட கெண்டை மீன் வந்தது. அவர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மீனை அந்த அம்மாள் தட்டுக்குத் தள்ளினார். அந்த அம்மாள் சற்று நேரம் தொடவில்லை. இத்தனை வருடமாக இன்னொருவருக்கு ஊட்டிவிட்டு நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர் என்று முன்பே சொல்லியிருந்தார். பிறகு முழுவதும் சாப்பிட்டார்.

நேற்று மாலை பாங்குருரான் வந்து சேர்ந்தோம். கண்ணாடிக் கடை திறந்திருந்தது. மேற்படி மரோலோப் அதன் வாசலிலேயே நின்று, "இதோ கடை" என்றார், வழக்கத்துக்கு மாறாக மெதுவாக. "இப்போ என்ன அவசரம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி அந்த அம்மாள் துண்டை இழுத்தார். கடையைத் தாண்டி நடந்துவிட்டோம்.

இன்று காலை சந்தையருகே காபிக் கடையில் இருந்தபோது காவலர் இருவர் வந்து மேற்படி மரோலோப்பை அழைத்துச் சென்றார்கள். அவர் எதிர்க்கவில்லை. "ரோத்துவா, வாசல்ல ஒரு படி இருக்கு, அவகிட்டச் சொல்லிடு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த அம்மாள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்தார். அதன் பிறகு நான் அவரை நிலையத்துக்கு அழைத்து வந்தேன்.

இங்கே அவருடைய மகன் பர்லின் என்பவர் இரவெல்லாம் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தாயார் தங்கை வீட்டில் இல்லாததால் அவர் படத்தை இணையத்தில் போட்டுத் தேடியதாகவும், கிழவர் ஒருவர் ஒரு அம்மாளைக் கட்டி இழுத்துப் போவதாகப் பதில் வந்ததால் புகார் கொடுத்ததாகவும் சொன்னார். "நான் என்ன பசுமாடா, அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு புகார் குடுக்க?" என்று அந்த அம்மாள் கேட்டார். "அந்த ஆளு யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் மகன். "எனக்கு அத்தை மகன் முறைடா" என்றார் தாயார். எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்துவிட்டார்.

மகன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தாயாரின் பழைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அது ஏன் தேவைப்படும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தாராம். அந்த அம்மாள் அணிந்துகொண்டு முதலில் மகனைப் பார்த்து, "மெலிஞ்சிருக்கே" என்றார். பிறகு திரும்பினார். விசுப்பலகையில் இருந்த மேற்படி மரோலோப் எழுந்து நின்று விரல்களால் தலையை வாரிக்கொண்டார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "குரலை வெச்சு ஆறடி ஆளுன்னு நினைச்சேன்" என்றார். "ஏமாத்திட்டேனா?" என்று அவர் கேட்டார். "பரவால்ல, கழுத்து வலிக்காது" என்றார் அந்த அம்மாள்.

அதன் பிறகு மகன் சுவரைப் பார்த்தபடி, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனாம்மா?" என்றார். "வந்திருப்பே. ஆனா நடந்திருக்க மாட்டியே" என்றார் தாயார். மகன் திரும்பி, இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று மேற்படி மரோலோப்பிடம் கேட்டார். தெற்குக் கரையும் கிழக்குக் கரையும் முழுதும் என்று பதில் வந்தது. மகன் தம் தோல் காலணியைக் குனிந்து பார்த்துவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்போடு திரும்பி வந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கூறினார்.

அந்த அம்மாள் தம் விருப்பப்படியே நடந்தார், எவராலும் கடத்தப்படவில்லை என்பதற்கு நானே சாட்சி. ஆய்வாளர் இதற்கு மேல் கேட்பதற்கு ஏதும் இருந்தால் சீக்கிரம் கேட்கும்படி வேண்டுகிறேன். மலைப்பக்கம் மழை இறங்குகிறது. அவர்கள் மூவரும் என்னை விட்டுப் போவதில்லை என்று வெளியே காத்து நிற்கிறார்கள்.

நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் தவிர வேறெதையும் இதில் சேர்க்கவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாகவே இருக்கிறது.

(ஒப்பம்) ரோத்துவா