எட்டு இன்ச் எழுத்து

லிங்கேஸ்வரன்: ...இல்லத்தா, இன்னைக்கு முடியாது. கரண்ட் இல்ல.

பெனிட்டா: மேல ஃபேன் சுத்துதேண்ணே.

லிங்கேஸ்வரன்: அது... இப்பத்தான் வந்துச்சு.

பெனிட்டா: வந்துருச்சுல்ல? மெஷினைப் போடுங்க. ஒரே வரி ஸ்டிக்கர்தான். ஜீப்புல ஒட்டணும்.

லிங்கேஸ்வரன்: மெஷின்ல பிளேடு மழுங்கிப் போச்சு. மதுரையில இருந்து வரணும்.

பெனிட்டா: இப்பத்தான் அந்த ஆட்டோக்காரருக்கு 'முருகன் துணை' வெட்டிக் குடுத்தீக. முருகனுக்கு மட்டும் மழுங்காதாக்கும்?

லிங்கேஸ்வரன்: ஏத்தா பெனிட்டா, சோத்து நேரத்துல வந்து வம்பு வளக்காத. வாசகம்தான வேணும்? இந்தா ஆல்பம். நானூத்திப் பன்னெண்டு வாசகம் இருக்கு. பச்சை அட்டை போட்டது பைபிள் வாசகம், உங்க ஆளுகளுக்கு. நம்பரைச் சொல்லிட்டுப் போ. சாயங்காலம் வாங்கிக்க.

பெனிட்டா: ஆல்பத்துல இருக்காது. எழுதியே கொண்டாந்திருக்கேன். பாருங்க.

லிங்கேஸ்வரன்: 'கேக்காமலே மன்னிச்சாச்சு. ஏறு.' ...என்னாது இது?

பெனிட்டா: வாசகம்.

லிங்கேஸ்வரன்: வாசகமா? பஸ் கண்டக்டர் வைய்யிற மாதிரி இருக்கு. எந்தப் புஸ்தகத்துல இருக்கு? எத்தனாவது அதிகாரம்?

பெனிட்டா: புஸ்தகத்துல இல்ல. ஒரு ஆளு வாயில இருந்து வந்துச்சு.

லிங்கேஸ்வரன்: உங்க சாமியாரா?

பெனிட்டா: சாமியார் பிரசங்கம் வச்சா முக்கா மணி நேரம். இது மூணே வார்த்தை.

லிங்கேஸ்வரன்: பின்ன யாரு சொன்னது?

பெனிட்டா: வெட்டுங்க, சொல்றேன்.

லிங்கேஸ்வரன்: சொல்லு, வெட்டுறேன்.

பெனிட்டா: கலர் மட்டும் இந்தக் கலர்லயே இருக்கட்டும். பழைய ஸ்டிக்கர் துண்டு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். மடிப்பைப் பிரிக்க வேணாம், கலரை மட்டும் பாருங்க.

லிங்கேஸ்வரன்: கொண்டா... இந்தச் சேப்பா?

பெனிட்டா: என்னண்ணே? சேப்புதான். உங்ககிட்ட இல்லாத சேப்பா?

லிங்கேஸ்வரன்: எங்கன கெடச்சுச்சு இது?

பெனிட்டா: வழியில.

லிங்கேஸ்வரன்: எந்த வழியில?

பெனிட்டா: ஏலத்தோட்டத்து வேலைக்குப் போறவளுக்கு வேற எந்த வழி? விடிஞ்சும் விடியாம கம்பத்துல ஜீப் ஏறுனா, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல எறங்குறது.

லிங்கேஸ்வரன்: இந்தச் சேப்பு இப்ப வர்றதில்ல. கம்பெனியே நிறுத்திட்டான்.

பெனிட்டா: அந்தா, உங்க தலைக்கு மேல மூணாவது ரோலு.

லிங்கேஸ்வரன்: அது வேற சேப்பு.

பெனிட்டா: சரி, வேற சேப்பையே வெட்டுங்க.

லிங்கேஸ்வரன்: மொதல்ல வண்டியைச் சொல்லு. ஜீப்புன்னா யாரு ஜீப்பு?

பெனிட்டா: விஜய்ராஜண்ணன் ஜீப்பு.

லிங்கேஸ்வரன்: ...எந்திரி.

பெனிட்டா: அண்ணே...

லிங்கேஸ்வரன்: எந்திரித்தா! என் கடையில ஒக்காந்துக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா அவன் பேரைச் சொல்றியா? என் பொண்டாட்டி காலுக்குள்ள இரும்புத் தகடு இருக்கு. ஆறு போல்ட்டு. உனக்குத் தெரியாது?

பெனிட்டா: தெரியாமயா? ஜோதி மதினி முன்சீட்டு, நான் பின்சீட்டு. எனக்கு நெத்தியில பதினாறு தையல். கண்ணாடி பாக்கப் போனா போடி ரயில் தண்டவாளம் தெரியுது.

லிங்கேஸ்வரன்: அப்பறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனுக்கு ஸ்டிக்கர் கேக்க வந்த? மூணாவது கொண்டை ஊசி வளைவுல பதினோரு பொம்பளைகளை உருட்டிவிட்டவன். உங்ககூட வந்த பவுனுக்கு இன்னும் கை மேல தூக்கல. நீங்கள்லாம் கதறுறீக, இவன் பானட்டுல ஏறி நின்னு பிளேடால கண்ணாடியைச் சொரண்டிக்கிட்டு இருந்தானாம்! மனுசனா அவன்?

பெனிட்டா: பதினோரு பேரையும் வண்டிக்குள்ள இருந்து வெளிய தூக்கிப் போட்டுட்டுத்தான் சொரண்டுனாரு. அதை யாரும் சொல்லலையா உங்ககிட்ட?

லிங்கேஸ்வரன்: சொல்ல வேண்டியதை எல்லாரும் சொல்லிட்டாக.

பெனிட்டா: ஆறு மாசமாப் புடுங்கி வச்சிருந்த லைசென்ஸை நேத்துத் திருப்பிக் குடுத்துட்டாக. இன்னைக்குக் காலையில வண்டியைக் கொண்டாந்து ஸ்டாண்டுல நிப்பாட்டுனாரு. ஒருத்தி ஏறல. நாளைக்கும் காலியா நின்னா, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் போறாராம். இருபத்திரண்டு வருஷம் மலையில ஓட்டுன ஆளு... பனியன் கம்பெனி வாசல்ல வாட்ச்மேனா!

லிங்கேஸ்வரன்: போகட்டும்.

பெனிட்டா: போக மாட்டாரு.

லிங்கேஸ்வரன்: அதைச் சொல்ல நீ யாரு?

பெனிட்டா: நாளைக்கு அஞ்சு மணிக்கு அதுல ஏறப் போறவ. நெத்தித் தையலோட மொத ஆளா ஏறுவேன். எவ சிரிச்சாலும் சிரிக்கட்டும், எவ தடுத்தாலும் தடுக்கட்டும். ஆனா நான் ஒருத்தி ஏறுனா வண்டி ஓடாதுல்ல? ஒவ்வொருத்திகிட்டயும் போயி வாய் வலிக்கப் பேச முடியாது. எழுதி ஒட்டிட்டா வண்டியே பேசிக்கிரும்.

லிங்கேஸ்வரன்: நல்லாப் பேசும். 'போன்ல பேசிக்கிட்டே ஓட்டிக் கவுத்தேன், மன்னிச்சாச்சு, ஏறு'ன்னு.

பெனிட்டா: போனா?

லிங்கேஸ்வரன்: ஊருக்கே தெரியும்.

பெனிட்டா: ஊருக்கு யாருண்ணே சொன்னது?

லிங்கேஸ்வரன்: ...பாத்தவுக சொன்னாக.

பெனிட்டா: நான் பாக்கல. பவுனக்கா பாக்கல. முன்சீட்டுல இருந்தது மதினிதான்...

லிங்கேஸ்வரன்: அவளை இதுல இழுக்காத. மாத்திரை போட்டுட்டுத் தூங்குறா.

ஜோதிலட்சுமி: தூங்கலத்தா. திரைக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

லிங்கேஸ்வரன்: ஏய், நீ எதுக்கு எந்திரிச்சு வார? காலு...

ஜோதிலட்சுமி: காலு நடக்கும். நடக்கச் சொல்லித்தான் டாக்டரும் சொன்னாக. போனு அவரு சட்டைப் பையில கெடந்துச்சு. அந்த வளைவுல நம்ம டவரும் எடுக்காது, கேரளா டவர் வர இன்னும் நாலு வளைவு ஏறணும். யாருகிட்டங்க பேசுவாரு? கொரங்குகிட்டயா?

லிங்கேஸ்வரன்: நீ உள்ள போ.

ஜோதிலட்சுமி: ஆறு மாசமா உள்ளதான் இருந்தேன். நீங்க ஸ்டாண்டுல போயி 'போன்ல பேசுனான்'னு பத்துப் பேருகிட்டச் சொன்னப்பவும் உள்ளதான் இருந்தேன். அடுக்காதுன்னேன். வாயை மூடுன்னீக. மூடுனேன். இனிமே மூடுறதா இல்ல.

லிங்கேஸ்வரன்: உனக்காகத்தான்டி சொன்னேன்! உன் காலைப் பாத்து வயிறெரிஞ்சு...

ஜோதிலட்சுமி: வயிறெரிஞ்சது நெசம். மூணு மாசம் நீங்கதான் என்னைத் தூக்கித் தூக்கி வச்சீக, அதை நான் மறக்கல. ஆனா போன்ல பேசுனாருன்னு சொன்னது என் காலுக்காக இல்ல.

பெனிட்டா: அண்ணே, கையைத் தொறங்க. அந்தத் துண்டைப் போட்டுக் கசக்குறீக.

லிங்கேஸ்வரன்: குப்பை இது.

பெனிட்டா: குப்பையா? போன கிறிஸ்துமஸுக்கு நாங்க பதினோரு பேரும் சேந்து அந்த ஜீப்புக்குக் குடுத்த பரிசு. வருஷா வருஷம் டிரைவருக்கு வேட்டி சட்டை எடுப்போம். போன வருஷம் நான்தான் பெரிய மனுஷியாட்டம், 'வேட்டி வேணாம், இருட்டோட மலை ஏறுறவளுகளுக்குத் தைரியமா ஒரு வார்த்தை போடுவோம்'னேன். பதினோரு பேருல மாதா கோயிலுக்குப் போறது நாலு பேருதான். மத்தவுகளும் நல்ல வார்த்தைதான, போடுன்னுட்டாக. 'பயப்படாதே.' கண்ணாடியோட மேப்பக்கம் முழுக்கச் சேப்புப் பட்டை, அதுல வெள்ளை எழுத்து. இதே ஸ்டூல்லதான் ஒக்காந்திருந்தேன்.

லிங்கேஸ்வரன்: நான் நாலு இன்ச்சுன்னேன்.

பெனிட்டா: நான் எட்டுன்னேன். மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரியணும்னேன்.

லிங்கேஸ்வரன்: ...எட்டு வச்சு வெட்டுனது நான்தான். ஒட்டுனதும் நான்தான்.

ஜோதிலட்சுமி: ரெண்டு பேரும் அன்னைக்கு என்ன சிரிப்பு! விஜய்ராஜண்ணன் மட்டும்தான் சீட்டுல ஒக்காந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. 'கொண்டை ஊசியில ஏறுறப்ப மேல் ரோடு கண்ணாடியோட நெத்தியிலதான் தெரியும், கொஞ்சம் கொறைச்சுக்கிறலாமா'ன்னு கேட்டாரு.

லிங்கேஸ்வரன்: நான்... 'ஏப்பா, ரோட்டைப் பாத்து ஓட்டு, வானத்தைப் பாத்து ஓட்டாத'ன்னேன்.

பெனிட்டா: நான் கை தட்டுனேன். 'உங்களுக்கு விசுவாசம் பத்தலண்ணே'ன்னேன். பொம்பளைக ஆசையாக் குடுத்தது, வேணாம்னு சொல்ல மனசு வரல அவருக்கு.

ஜோதிலட்சுமி: தை மாசம். மேல இருந்து லாரி எறங்கி வருது. பக்கத்துல இருந்த எனக்கே சேப்புப் பட்டைதான் தெரிஞ்சுச்சு. அப்பறம்தான் லாரியோட மூக்கு.

லிங்கேஸ்வரன்: போதும்டி...

ஜோதிலட்சுமி: போதும்னு ஆறு மாசமா நீங்கதான் சொல்றீக.

லிங்கேஸ்வரன்: வேற என்ன சொல்லச் சொல்ற? ஸ்டேஷன்ல அவன் வாயைத் தொறந்தா கடை போச்சு. 'பொண்டாட்டி காலை ஒடிச்சது இவன் ஒட்டுன ஸ்டிக்கர்'னு ஊரு சிரிக்கும். அவன் சொல்றதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். போன்ல பேசுனான்னு ஒருத்தன்கிட்டத்தான் சொன்னேன்... சாயங்காலத்துக்குள்ள எனக்கே வந்து சொல்றாக, 'தெரியுமா, அவன் போன்ல பேசுனானாம்'னு.

பெனிட்டா: அவரு சொல்லவே இல்லண்ணே. 'கவனக் கொறைவா ஓட்டுனது நான்தான்'னு எழுதிக் குடுத்துட்டாரு. நானும் வாயைத் தொறக்கல. நெத்தியில கட்டோட, ஆஸ்பத்திரிக் கட்டில்ல, போலீஸ் கேட்டப்ப... 'மயக்கமாயிட்டேன், தெரியல'ன்னேன். ஞாயித்துக்கெழமை தவறாம கோயில்ல நன்மை அப்பம் வாங்குற நாக்கு, அப்படித்தான் சொல்லுச்சு.

லிங்கேஸ்வரன்: அப்ப நீ என் மேல பழி போட வரல?

பெனிட்டா: போட்டா பாதி என் தலையிலயும் விழும்ல?

லிங்கேஸ்வரன்: பின்ன இந்த வாசகம் தப்புத்தா. அவனை நாம மன்னிச்சோம்னு எழுதி ஒட்ட நமக்கு என்ன யோக்கியதை? அவன்தான நம்மளை...

பெனிட்டா: நாம மன்னிச்சோம்னு எங்கனண்ணே எழுதியிருக்கு?

லிங்கேஸ்வரன்: ...யாரு சொன்னது இது?

பெனிட்டா: காலையில ஸ்டாண்டுக்குப் போனேன். காலி வண்டியில தனியா ஒக்காந்திருந்தாரு. முன்பல்லு ரெண்டும் இல்ல. ஆறு மாசமா மனசுக்குள்ளயே எழுதி எழுதிப் பாத்ததைச் சொல்ல வாயைத் தொறந்தேன். 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தைதான் வந்துச்சு. ஸ்டியரிங்கைத் தொடைச்சுக்கிட்டே திரும்பக்கூட இல்ல. 'கேக்காமலே மன்னிச்சாச்சு. ஏறு'ன்னாரு.

ஜோதிலட்சுமி: ஆத்தாடி...

பெனிட்டா: போன தடவை நான் ஒட்டச் சொன்னது ஆசைப்பட்ட வார்த்தை. எழுதி ஒட்டிட்டா தைரியம் வந்துரும்னு நெனச்சேன். இது நடந்த வார்த்தைண்ணே. இதை ஒட்டாம விட மாட்டேன். நீங்க வெட்டலைன்னா கரித்துண்டை வச்சாவது எழுதிருவேன்.

ஜோதிலட்சுமி: கரித்துண்டு எதுக்குத்தா? நாளைக்கு நானும் வாறேன். வேலைக்கு இல்ல, சும்மா மேடு வரைக்கும். அதே முன்சீட்டு. தகடு வச்ச காலோட நான் ஏறுறதைப் பாத்துட்டு எவ கீழ நிக்கிறான்னு பாப்போம்.

லிங்கேஸ்வரன்: உனக்குக் கிறுக்கா? அந்த வளைவுல திரும்பவும்...

ஜோதிலட்சுமி: பயமாத்தான் இருக்கு. பயத்தோட ஏறுறேன். வேணும்னா நீங்களும் ஏறுங்க, பின்னால எடம் கெடக்கு. என்ன, பிளேடு இன்னும் மழுங்கித்தான் கெடக்கா?

லிங்கேஸ்வரன்: பிளேடு நல்லாத்தான் இருக்கு. எத்தனை இன்ச்சுத்தா?

பெனிட்டா: ரெண்டு. முன்னால வேணாம். பின்னால, ஏறுற படிக்கு மேல. காலைத் தூக்கி வைக்கிறவ கண்ணுல பட்டாப் போதும்.

லிங்கேஸ்வரன்: நானே வந்து ஒட்டுறேன். ஒட்டிட்டு, அங்கன நிக்கிற அத்தனை பேருகிட்டயும் சொல்லிர்றேன்... போன் இல்ல, அது நான் கட்டுன கதைன்னு.

ஜோதிலட்சுமி: வாய் வருமா?

லிங்கேஸ்வரன்: வரவழைக்கணும். ஆனா ஒண்ணு பெனிட்டா... அவன் அந்த வார்த்தையைச் சொன்னது உனக்கு. நீ கேக்கப் போன. நான் கேக்கக்கூடப் போகல. அடிபட்டுக் கெடந்தவன் மேல புளுகை வேற ஏத்திவிட்டவன். ஏறுன்னு அவன் என்னைச் சொல்ல மாட்டான்.

பெனிட்டா: அண்ணே, அந்தத் துண்டைப் பிரிங்க.

லிங்கேஸ்வரன்: கலர் தெரியும்த்தா.

பெனிட்டா: கலருக்கு இல்ல. அவரு சொரண்டி எறிஞ்சதுல மொதத் துண்டு வந்து என் முந்தானையில ஒட்டிக்கிருச்சு. மயக்கமாயிட்டேன்னு சொன்னவ கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். பிரிச்சு வாசிங்க.

லிங்கேஸ்வரன்: 'லிங்கம் ஸ்டிக்கர்ஸ், கம்ப...'

ஜோதிலட்சுமி: ஏங்க... நம்ம கடை பேரு.

பெனிட்டா: வாயெல்லாம் ரத்தத்தோட, போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள அவரு மொதல்ல சொரண்டி எடுத்தது எட்டு இன்ச் எழுத்தை இல்லண்ணே... மூலையில பொடிசா இருந்த இதை.