வரைபடத்தில் இல்லாத ஜன்னல்

சின்ன டிரெய்லரில் முதலில் சமாளிக்க வேண்டியது மழையைத்தான். வெயிலுக்கு ஒரு மரத்தடி போதும். மழை அப்படியல்ல. ஆணி போன ஓட்டை ஒன்று இருந்தால் போதும், ஒரே பருவத்தில் பிளைவுட் ஊறி, மெத்தை நாறி, வண்டி வீணாகிவிடும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற நினைக்கிற யாருக்கும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஸ்டேஷனில் நீங்கள் தாள் கொடுத்து, நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். வேதகிரி வெளியே வேப்பமரத்தடியில் பைக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் என்னை இங்கே கூட்டிவந்தான். பதினோரு மாதமாக அவன்மேல் இருக்கிற வழக்கு நான் கொடுத்த புகாரில் போடப்பட்டது. அவன் வைத்த ஜன்னல் திறக்காததால் என் மனைவி சசிரேகா டிரெய்லருக்குள் மூச்சடைத்து இறந்தாள் என்று அதில் சொல்லியிருந்தேன். ஜன்னல் திறக்கவில்லை என்பது உண்மை.

என் பெயர் ஜெகந்நாதன். வயது முப்பத்தொன்று. ஊர் திருப்புலிவனம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் பஸ்ஸுக்கு பாடி கட்டும் தொழிற்சாலையில் தண்ணீர்ச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். முடிந்த வண்டியைக் குழாய்களுக்கு அடியில் நிறுத்தி, எல்லாப் பக்கமும் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு சொட்டு தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆறு வருடத்தில் நான் அனுப்பிய வண்டி ஒன்றுகூட ஒழுகுகிறது என்று திரும்பி வந்ததில்லை.

சாலை போட வந்த கம்பெனி ஒன்று, வேலை முடிந்ததும் தன் சின்ன ஆபீஸ் டிரெய்லரை ஏலத்தில் விட்டது. நான் எடுத்தேன். பதினோரு அடி நீளம், ஆறடி அகலம், ஒரு பக்கம் முழுக்கத் துரு. சசிக்கும் எனக்கும் கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம். எங்களுக்கென்று போய்த் தங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். லாட்ஜில் அடுத்தவர் படுத்த மெத்தையில் படுக்கவேண்டும். இதில் எல்லாம் நான் செய்தது.

வரைபடம் நான் போட்டேன். வெல்டிங் வேலை வேதகிரியுடையது. உத்திரமேரூரில் அவனுக்கு டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பட்டறையில் வேலை செய்தோம். அச்சை மாற்றினோம். துருப்பிடித்த தகட்டை அறுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தோம். சுவருக்குள் தெர்மாகோல், அதன்மேல் பிளைவுட். கட்டிலுக்கு அடியில் பாத்திரம் வைக்க அறை. கூரையில் ஒரு சோலார் தகடு, உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. கதவைச் சுற்றி இரட்டை ரப்பர். சாலையில் ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருக்க, வெளிப்பக்கம் ஒரு தாழ். இணைப்புகளில் தொழிற்சாலையில் நாங்கள் பயன்படுத்தும் கறுப்புப் பசையை நானே அடைத்தேன். அந்த வேலையை வேதகிரியிடம் விடவில்லை.

ஜன்னல் வைக்கவில்லை. ஜன்னல் என்பது நாமே செய்துகொள்கிற ஓட்டை. பஸ்ஸில் வரும் ஒழுகலில் பாதிக்கு மேல் ஜன்னலோரத்தில்தான்.

சசிக்கு அடைத்த இடம் ஆகாது. தன் ஊரான பெருநகரிலிருந்து உத்திரமேரூருக்குக் கல்லூரி பஸ் பிடிக்கும் நாளிலேயே, ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாளாம். ஒரு ஞாயிறு சாப்பாடு கொண்டுவந்தவள் டிரெய்லருக்குள் ஏறி நின்று, "இன்னாங்க, தலமாட்டாண்ட சின்னதா ஒரு ஜன்னல் வெச்சா இன்னா?" என்று கேட்டாள். ஒழுகும் என்றேன். இன்னொரு நாள் வீட்டில் கேட்டாள். விசிறி இருக்கிறது என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது நான் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வேதகிரிக்கு வாய் சும்மா இருக்காது. "டேய், இது வண்டியா, ஊறுகா ஜாடியாடா? மூடி போட்டு மெழுகு வேற வெச்சிக்கினு கீற" என்றான் ஒரு நாள். சசி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்ததாக இப்போது தோன்றுகிறது.

வண்டி முடியும் தறுவாயில் எனக்கு இரண்டு வாரம் தொடர்ந்து வேலை. ஞாயிறும் போனேன். பெயின்ட் அடித்து வேதகிரியே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். சசி உள்ளே திரை தைத்து மாட்டியிருந்தாள். மஞ்சளில் சின்னப் பூப்போட்டது. கட்டிலின் தலைமாட்டில், வெறும் சுவரில். ஜன்னல் இல்லாத இடத்துக்குத் திரை எதற்கு என்று கேட்டேன். "அழகுக்குத்தான்" என்றாள்.

புறப்பட இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, வாசலில் வைத்து டிரெய்லருக்குத் தண்ணீர் அடித்தேன். இடதுபக்கச் சுவரில் தண்ணீர் ஓரிடத்தில் நேராக இறங்காமல் விலகி இறங்கியது. கை வைத்துப் பார்த்தேன். மேலே கீல் போட்டு, சுவரோடு சுவராக, ஒன்றரைச் சாண் அகலத்தில் ஒரு ஜன்னல். பெயின்ட் ஒரே நிறம். உள்ளே போய்த் திரையை விலக்கினேன். கொக்கி நெய் போட்டதுபோல் திரும்பியது. தள்ளினால் வெளிப்பக்கம் திறந்தது.

அந்த ஜன்னல் ஒழுகவில்லை. அரைமணி நேரம் அடித்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வேதகிரியின் வேலை சுத்தம். புகாரில் நான் வேறு மாதிரி சொல்லியிருந்தேன், அதனால் இதைத் திருத்திக்கொள்கிறேன்.

அவர்களைத் தப்பாக நினைத்தேனா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபம். கோபப்பட ஒரு வழி இருந்திருக்கும். அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணனாகத்தான் நினைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். இவனிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். கட்டியவளும் பதினேழு வருட சிநேகிதனும் உட்கார்ந்து, என்னை வைத்துக்கொண்டே நான் இல்லாததுபோல ஒரு காரியத்தை முடித்திருக்கிறார்கள். நான் வேலையில் இருந்த நேரம் பார்த்து. நான் போட்ட வரைபடத்தில்.

அன்று இரவு சாப்பிடும்போது அவள் சொல்லுவாள் என்று இருந்தேன். எதை எதை எடுத்துப்போவது என்று பேசினாள். சிகைக்காய், நல்லெண்ணெய், சாம்பிராணி என்று காகிதத்தில் எழுதிக்கொண்டாள். நடுவில் தானாகச் சிரித்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலை அவள் பூ வாங்கக் கடைக்குப் போனபோது, மிச்சமிருந்த கறுப்புப் பசையை ஜன்னலின் விளிம்பில் வெளிப்பக்கமிருந்து சுற்றிலும் அடைத்தேன். பத்து நிமிட வேலை. ஒரே இரவில் இறுகிவிடும். உள்ளே கொக்கி முன்புபோலத் திரும்பும், ஜன்னல் அசையாது. வரைபடத்தில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கினேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை திருமுக்கூடலுக்குப் போனோம். ஆற்றை ஒட்டி அவள் மாமாவின் தென்னந்தோப்பு. ஐப்பசி மழைக்குப் பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். கல் கூட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மோட்டார் கொட்டகையில் குளித்துவிட்டு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே. வீட்டில் கொட்டாங்கச்சித் தணலில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியை விரித்துப் படுத்துக்கொள்வாள். அப்படியே தூங்கியும் விடுவாள். எங்கள் வீடு ஓட்டு வீடு. புகை ஓட்டின் இடுக்கு வழியாகப் போய்விடும், ஒன்றும் ஆகாது. அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "வெளிய மழ. தணல உள்ள வெச்சிக்கவா?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் என்னிடம் கேட்டாள். சரி என்றேன். நானே தூபக்காலை எடுத்துப்போய் உள்ளே வைத்தேன்.

தொழிற்சாலையில் வருடம் ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். மூடிய இடத்தில் எதையும் எரிக்கக்கூடாது, வாசனையே இல்லாத ஒரு வாயு வரும், தலைவலி வருவதற்குள் கைகால் ஓய்ந்துவிடும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். ஆறு வகுப்பிலும் என் கையெழுத்து இருக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஆற்றில் தண்ணீர் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "சீக்கிரம் வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றாள். சரி என்று இறங்கினேன். சாரல் அடிக்காமல் இருக்கக் கதவைச் சாத்தினேன். பழக்கத்தில் தாழையும் போட்டேன்.

பாலத்தில் நல்ல கூட்டம். பாலாற்றில் தண்ணீர் வருவதே எங்கள் பக்கம் ஒரு விசேஷம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. சசி. பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

"நைனா, போன் அடிக்குது பாரு" என்றார் கடலை விற்றவர்.

"தெரியும்" என்றேன்.

அவரை உங்களால் கண்டுபிடிக்க முடியும். இப்போதும் அங்கேதான் விற்கிறார்.

மூன்றாவது தடவை அடிக்கவில்லை. ஒரு பொட்டலம் கடலை வாங்கி, அங்கேயே நின்று தின்று முடித்தேன். பிறகு நடந்து வந்தேன். தாழை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவள் கட்டிலில் இல்லை, கதவடியில் இருந்தாள். முடி இன்னும் முழுதாகக் காயவில்லை. திரை கம்பியோடு பிய்ந்து கீழே கிடந்தது. திரையை எடுத்து மாட்டினேன். அதன் பிறகுதான் மாமா வீட்டுக்கு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வேதகிரி சுடுகாட்டிலேயே என் காலைப் பிடித்தான். ஜன்னல் வைத்ததைச் சொன்னான், தன் தப்பு என்றான், கீல் இறுகியிருக்கும் என்றான். பிறகு புகார் எழுதியபோது அவன் சொன்னதைத்தான் எழுதினேன். அதன்பின் அவன் பட்டறைக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை இங்கே கையெழுத்துப் போட வருகிறான். வரும் புதன்கிழமை தீர்ப்பு. அவனுக்கு ஜெயில் என்று வக்கீலே சொல்லிவிட்டாராம்.

இன்று அவன் கையெழுத்துப் போட்டு முடித்ததும் மழை. உங்கள் வளாகத்தில் நிற்கிற டிரெய்லரின் ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறான். ஜன்னல் முகத்துக்கு நேரே. விளிம்பில் ரப்பர் போலத் தெரிந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறான். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். சட்டை நனைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நான் வெச்சது வெள்ளப் பசடா. இது கறுப்பு" என்றான். உள்ளங்கையில் ஒரு துண்டு இருந்தது.

நான் பார்த்தேன்.

"சசி இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'அவராண்ட சொல்லாதீங்கண்ணா. மொத தடவ படுக்கும்போது காத்து வரும். எங்கேருந்து காத்துன்னு கேப்பாரு. அப்போ சொல்றேன், சிரிச்சிடுவாரு'ன்னிச்சி."

நான் கேட்டிருக்க மாட்டேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடனே தெரிந்திருக்கும். அதை அவனிடம் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். "நான் போய்ச் சொன்னா தப்பிக்கச் சொல்றான்னுவாங்க. நீயே வந்து சொல்லு. வண்டில ஏறு" என்றான். ஏறினேன். அவனாவது என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேலே, பழக்கத்தில் தாழைப் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. அந்த வண்டிக்கு அதுதான் முதல் பயணம். பழக்கம் வருவதற்கு நாளாகவில்லை.

ஜன்னலை அடைத்தது நான். தணலை உள்ளே வைத்தது நான். கதவை வெளியில் தாழிட்டது நான். இரண்டு தடவை அவள் கூப்பிட்டபோது எதற்கு என்று எனக்குத் தெரியும். வேதகிரிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இதை நல்ல நினைவோடு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் எழுதுகிறேன்.

வழக்கு முடிந்ததும் அந்த டிரெய்லரை உடைக்க வேண்டாம். வரைபடத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். தலைமாட்டில் ஜன்னல் வருகிறது, அவன் வைத்ததைவிட இரண்டு அங்குலம் பெரியது. ஒழுகாது. ஒரு ஜன்னல்தானே. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வைத்துக் கொடுத்திருப்பேன்.