கிணற்றடியில் இருந்த வெள்ளைத் தூள்

ஜக்கம்மாள், வயது 54, க/பெ காலஞ்சென்ற அய்யனார், தோட்டத்து வீடு, குஜிலியம்பாறை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து விவசாயம் செய்துவருகிறேன். இறந்துபோன பானுப்ரியா, வயது 26, என் ஒரே மகள். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி படித்துவந்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் புளூரைடு அதிகம். அதைக் குடித்துக் குடித்து என் முட்டி இரண்டும் மடங்காமல் போய்விட்டன. அந்த புளூரைடை எடுக்க லாந்தனம் ஹைட்ராக்சைடு என்ற தூளை அவள் செய்துவந்தாள். ஒருமுறை என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். லாந்தனம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க, கஞ்சிபோல் வெள்ளையாகத் திரண்டு அடியில் தங்கியது. அதன்பிறகு காரம் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, வடிகட்டி, உலர்த்திப் பொடித்தாள். அது தண்ணீரில் கரையாது, புளூரைடைப் பிடித்துக்கொள்ளும், காற்றுப் பட்டால் மாறிவிடும், ஆகவே மூடியே வைக்க வேண்டும் என்று சொன்னாள்.

சென்ற ஞாயிறு காலை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்க்க அந்தத் தூளைப் புட்டியில் கொண்டுவந்தாள். கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, வாளிக் கயிறும் தண்ணீருக்கு எட்டவில்லை. அதன்பிறகு அவள் புட்டியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, காலி பிளாஸ்டிக் பாட்டிலுடன் படியில் இறங்கப் போனாள். நான் இறங்குகிறேன் என்றதற்கு, "ஒனக்குத்தான் முட்டி மடங்காதேம்மா, செத்த நேரம் நில்லு, வாரேன்" என்றாள். தண்ணீரை மொண்டு, பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அதன்பிறகு ஏறும்போது பாசி வழுக்கி, பாறையில் தலை மோதித் தண்ணீருக்குள் போய்விட்டாள். என்னால் ஒரு படிகூட இறங்க முடியவில்லை. நின்று கத்த மட்டும்தான் முடிந்தது. பக்கத்துத் தோட்டத்து நல்லுசாமி ஓடிவந்து குதித்துத் தூக்கியபோது உயிர் இல்லை. அவள் மொண்ட பாட்டில் மிதந்துகொண்டிருந்தது.

புட்டியைப் பார்த்துவிட்டு, "மருந்தக் குடிச்சுட்டுக் குதிச்சிருச்சு" என்று ஊரில் பேசுகிறார்கள். அது விஷம் அல்ல. என் மகள் சாவதற்கு வரவில்லை, எனக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வந்தாள். அவள் இறப்பில் எனக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை. தாங்கள் கைப்பற்றிய புட்டி இந்தக் காவல் நிலைய மேசைமேல் இருப்பதைப் பார்த்தேன். மூடி இறுகவில்லை. சோதனைக்கு அனுப்பும்வரை காற்றுப் படாமல் இறுக மூடி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
அ. ஜக்கம்மாள்