நாற்பத்தெட்டாம் இதழின் கடைசிப் பக்கம்

நல்ல ரப்பர் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை. அந்தக் காலத்து வெள்ளை ரப்பர் பென்சிலை மட்டும் எடுக்கும், மையைத் தொடாது. ஆனால் அழுத்தி எழுதியதன் தடத்தை எந்த ரப்பராலும் எடுக்க முடியாது. நேற்று நீ அந்தக் கடைசிப் பக்கத்தின்மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, "மாமா, இந்த ஓரத்துல ஏதோ எழுதி அழிச்ச மாதிரி இருக்கே, என்னன்னு தெரியுதா?" என்று கேட்டாய். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று மழுப்பிவிட்டேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. அதனால் இப்போது எழுதித் தருகிறேன்.

'எழுகதிர் ஐவர்' வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் படக்கதையை மறுபடி புத்தகமாகக் கொண்டுவரும் வேலை உன்னிடமே வந்ததில் எனக்குச் சந்தோஷம். நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்ட உன் அப்பாவை நீ பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கங்களில்தான் பார்க்க வேண்டும். அவர் பென்சிலில் வரைவார். நான் அதன்மேல் மை போடுவேன். மை காய்ந்ததும் பென்சிலை அழிப்பதும் என் வேலைதான். அட்டையில் அவர் கையெழுத்து மேலே, என் கையெழுத்து கீழே. நாற்பத்தெட்டு அட்டையும் அப்படித்தான் வந்தன.

அத்தான் நேரில் லேசில் வாய் திறக்க மாட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்புவார். "மச்சான், மலையனுக்குத் தொப்பை போட்டுடாதே. அவன் உலகத்தைக் காப்பாத்தணும், உன்னை மாதிரி தின்னுட்டுத் தூங்க முடியாது." இன்னொரு நாள், "உங்க அக்கா காலையிலேர்ந்து பேசல. காரணம் தெரிஞ்சா எனக்கும் சொல்லு." சிரித்துக்கொண்டே மை போடுவேன், பிறகு அழித்துவிடுவேன். இன்றைக்கும் மலையனைப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

வாசகர் கடிதங்கள் மூட்டையாக வரும். ஒன்றுகூட மை போட்டவனுக்கு வந்ததில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. பத்திரிகை ஆசிரியரிடம் ஒரே ஒரு தடவை, நானும் வரைந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "உங்க கையும் நல்ல கைதான். ஆனா அவர் இருக்கற வரைக்கும் பென்சில் அவர்கிட்டதான்" என்றார். நியாயமான பேச்சு.

நாற்பத்தெட்டாம் இதழ் நடந்துகொண்டிருந்தபோது உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு அக்கா வெளியூரில் இருந்தாள், உடம்புக்கு முடியாத எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள. அத்தான் வீட்டில் தனியாக இருந்தார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வண்டியில் கடைசிப் பக்கம் வந்தது. ஐந்தாவது ஆளான சிறகன் வானத்திலிருந்து விழுகிறான். கீழே மற்ற நால்வரின் கைகள் அவனைப் பிடிக்க நீண்டிருக்கின்றன. ஓரத்தில் அழுத்தமாக எழுதியிருந்தார்: "மச்சான், ஏதேதோ தப்பான நினைப்பு வருது. தனியா இருக்கப் பயமா இருக்கு. வேலையைப் போட்டுட்டு இன்னைக்கே வா."

அவர் வீடு நாலு தெரு தள்ளி.

பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பத்திரிகை வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மை போட வேண்டும், காய வேண்டும், அழிக்க வேண்டும். வியாழன் அதில் போயிற்று, வெள்ளியும் போயிற்று. சனிக்கிழமை காலை அவரை ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

அக்கா வந்து சேர்ந்தபோது அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை எழுதி வெச்சிட்டுப் போயிருக்கக் கூடாதாடா? நான் அவ்வளவு வேண்டாதவளாவா போயிட்டேன்?" என்றாள். "எல்லா எடமும் தேடிட்டேன்க்கா, ஒண்ணும் இல்ல" என்றேன். இருபத்தாறு வருடம் அவள் அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன். அந்தக் குறையோடுதான் கண்ணை மூடினாள்.

அதற்குப் பிறகு வந்த தொண்ணூற்று மூன்று இதழ்களையும் நான்தான் வரைந்தேன். யாராவது வரைந்துதானே ஆக வேண்டும்.

நேற்று நீ இன்னொன்றும் சொன்னாய். அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்து, "இதுல வேலையே இல்லையே மாமா. முக்கால்வாசி வெறும் வானம்" என்றாய். உன் அப்பாவின் கண் உனக்கு. ஒரு ஆள், எட்டுக் கைகள், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. காய்வதற்கு இன்னொரு அரை மணி. வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவைதான் அழிப்பேன். அந்த ஓரத்தை மட்டும் மூன்று தடவை அழித்தேன்.

மிச்ச நேரம் என்ன செய்தேன் என்பது உன் மேஜைமேல் உள்ள மூலப் படங்களின் கட்டிலேயே இருக்கிறது. நாற்பத்தொன்பதாம் இதழின் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார். நான் எதை வரைந்தாலும் பின்னால் தேதி போடுவேன். அதே வியாழக்கிழமை. உன் அப்பா அப்போது நாலு தெரு தள்ளி உயிரோடு, நான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தார். தேதியைப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைத் திருப்பு. அந்த அட்டையில் ஒரே கையெழுத்துதான் இருக்கும்.