தோற்றதற்கு ஒரு கையெழுத்து

எனக்குக் காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். சாயங்காலம் குடித்தால் தூக்கம் கெட்டுவிடும்.

கோட்டையூரில் என் ஆய்வுக்கூடம் சிறியதுதான். துணி ஆலைகளின் கொதிநீரிலும் கெடாமல் வேலை செய்யும் ஒரு புரதத்தை அங்கே உருவாக்கினேன். இயற்கையில் உள்ள புரதத்தில் இரண்டே இடங்களை மாற்றியிருந்தேன். அந்த இரண்டு இடங்களைக் கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. அமெரிக்காவில் காப்புரிமை கேட்டபோது மறுத்துவிட்டார்கள். பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த யாருக்கும் இது எளிதில் தோன்றக்கூடியதுதானாம்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் மெட்ராஸ் வக்கீல். துறை தெரிந்த இன்னொருவர் அதே கட்டுரைகளை வைத்து முயன்று தோற்றார் என்று காட்டினால் வழி பிறக்கும் என்றார்.

அதற்காகத்தான் தொண்ணூற்று நான்கில் மரிய அனிதாவை வேலைக்கு எடுத்தேன். திருப்பத்தூர்ப் பெண், டாக்டர் பட்டம் பெற்றவள். கட்டுரைகளை மட்டும் கொடுத்தேன். நான் செய்ததைச் சொல்லவில்லை. வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொள்வாள். என் மகளாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் மாதமே அவளுக்கும் அதே புரதம் கிடைத்துவிட்டது. அவள் வீட்டுக்குப் போனபின் அவள் செய்து வைத்திருந்ததைச் சோதித்தேன். கொதிநீரில் கலங்காமல் நின்றது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றம் செய்யாத பழைய புரதத்தை அதனிடத்தில் வைத்தேன். மறுநாள் அவள் சூடாக்கியபோது முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டுபோனது. பிறகு அவள் எத்தனை முறை செய்தாளோ, அத்தனை முறையும் அப்படித்தான் மாற்றி வைத்தேன்.

"என் கைதான் சரியில்ல போலருக்கு, சார். வேற ஆளப் பாத்துக்கங்க," என்றாள் ஒருநாள்.

"அவசரப்படாதம்மா. இன்னொரு தடவ செஞ்சு பாரு."

அதற்குள் அவள் சிரிப்பதை விட்டிருந்தாள். அடுத்த வருடம் பிரமாணப் பத்திரத்தை நீட்டியபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தோத்துப்போனதுக்குக் கூடவா சார் கையெழுத்துப் போடணும்?"

போட்டுக் கொடுத்தாள். அந்த வாரமே அவளைக் கண்மாயிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள்.

அவள் அப்பா இஞ்ஞாசிமுத்து என்னைத் தேடி வந்தார்.

"எம் பிள்ள எதுலயும் தோத்தவ இல்ல, சார். நீங்க கூடவே இருந்தீக. அவளுக்கு என்னதான் ஆச்சு?"

"மனசு திடமில்லாத பிள்ளை, ஐயா. எவ்வளவோ தேத்திப் பாத்தேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதில் நடிப்பில்லை.

உங்கள் ஆட்கள் என் ஃப்ரீசரிலிருந்து எடுத்த குழாய்கள் அவளுடையவை. எறிய மனம் வரவில்லை. ஒன்றுகூடத் தோற்றதில்லை, சார்.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். மேல்முறையீட்டில் போன மாதம் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மிகத் திறமை வாய்ந்த டாக்டர் மரிய அனிதாவாலேயே முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவள் அப்பாவிடம் காட்டுங்கள். அவள் திறமைசாலி என்று அமெரிக்காக்காரனையே எழுத வைத்திருக்கிறேன். அவளுக்காக வேறு யார் இவ்வளவு செய்திருப்பார்கள்?